மண்ணுக்குள்ளிருந்து

குழாய் பதிக்கும் அந்த மனுஷனுக்கு, கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'ரேடியோ'. வாயைத் திறந்தால் மூடமாட்டார். அன்றும் ஆளுயரப் பள்ளத்தில் குனிந்து கழிவுநீர்க் குழாயைப் பொருத்திக்கொண்டே, மேலே பொக்லைனில் உட்கார்ந்திருந்த மச்சானிடம் கதை அளந்துகொண்டிருந்தார். மச்சான் அவர் மனைவியின் தம்பி.

மழையில் ஊறியிருந்த பள்ளத்தின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ரேடியோ நெஞ்சு வரைக்கும் மண்ணுக்குள்.

"பொக்லைனைத் தொடாதீங்க! ஆளு ரெண்டா போயிடுவாரு!" என்று கத்திக்கொண்டே மச்சான் குதித்து இறங்கி வெறுங்கையால் தோண்டினான். தெருவே ஓடிவந்தது. வாளி, சட்டி, அகப்படும் எதிலும் மண்ணை அள்ளினார்கள். மறுபக்கமும் சரிந்துவிடாமலிருக்க, ஒரு வீட்டுக்காரர் தன் வாசற்கதவையே கழற்றிக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்.

ரேடியோவால் மூச்சு விட முடிந்தது, இழுக்க முடியவில்லை. வெளியே விட்ட இடத்தை உடனே மண் பிடித்துக்கொண்டது. பயம் கவ்வியது. செபம் சொல்லப் பார்த்தார். 'பிதாவே' என்பதற்குள் மூச்சு தீர்ந்துபோனது. மறுபடியும் 'பிதாவே'. அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

சலவைக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். பள்ளத்தின் விளிம்பில் போட்டிருந்த பலகை மேல் குப்புறப் படுத்து அவர் தலையைத் தொட்டாள்.

"பேசாதீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது நான் பேசுறேன், நீங்க கேளுங்க. நான் சொல்ற செபம் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்."

அவள் சொல்லச் சொல்ல அவர் உதடு மட்டும் அசைந்தது. 'தீமையிலிருந்து விடுவித்தருளும்' என்று அவள் சொன்னபோது, அவருக்குள் ஏதோ இளகியது. தூக்கிவிட்டாலும் சரி, கூட்டிக்கொண்டு போனாலும் சரி, ஆண்டவர் கையில்தானே இருக்கிறேன் என்று தோன்றியது. மண் அதே மண்தான். பயம் மட்டும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அவரை வெளியே இழுத்தார்கள். விலா எலும்பு விரிசல், கால் முறிவு. உயிர் பத்திரம்.

ஆஸ்பத்திரியில் மச்சான் கட்டுப் போட்ட விரல்களோடு உட்கார்ந்திருந்தான். கோயில் வாசலோடு நின்றுவிடுகிற ஆள் அவன். ரேடியோ ஆண்டவருக்கு நன்றி சொல்வது அவன் காதில் விழுந்தது.

"நகம் பேந்தது எனக்கு. நன்றி கடவுளுக்கா?"

ரேடியோ சிரிக்கப் போய் விலா வலித்து முனகினார். "உன்னை யாருடா அனுப்பினது? உன் கைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு, நீ என்னைத் தூக்குறதுக்கு முன்னாடியே அவர் என்னைத் தூக்கிட்டாரு. அது உனக்குத் தெரியாது."

நடக்க முடிந்த முதல் ஞாயிறு, ரேடியோவைத் தோளில் தாங்கிக் கோயிலுக்குள் கூட்டிப்போனது மச்சான்தான். முழங்கால் போட முடியாமல் ரேடியோ நின்றபடியே நற்கருணை வாங்கினார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். அது உள்ளே போனது. கண்ணீர் தானாக வழிந்தது. மனைவி தன் முந்தானையை நீட்டினாள்.