வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த மான்

வில் வேட்டைக்காலம் முடிய இன்னும் நாற்பத்தாறு நிமிடங்கள் இருந்தன. ஆர்டிஸ் மரப்பரணில் பதினெட்டடி உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால்விரல்கள் மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது.

கீழே, பனியில் அறுக்காமல் விட்ட சோயா. ஜனவரிக் கடைசியில் மான்களுக்கு வேறு தீனி கிடையாது. இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்த அந்தக் கலைமானும் வந்தே ஆகவேண்டும். பக்கத்து நிலத்துக்காரன் வெர்லின் நான்கு வருடமாக அதற்காகத்தான் தவம் கிடக்கிறான். அதனால்தான் அவளுக்கு அது வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு மாலை இதே மரத்தில் பாதுகாப்பு வார் அறுந்து அவள் அண்ணன் டெல்மர் விழுந்தான். இடுப்பு முறிந்து கிடந்தவனை மறுநாள் விடிந்த பிறகுதான் கண்டார்கள். உறைந்திருந்தான். அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாக வெர்லின் ஷெரீஃபிடம் சொன்னான். ஆனால் மான் நடமாட்டம் பார்க்க அவள் வேலியில் கட்டியிருந்த கேமராவில், பிற்பகல் மூன்று மணிக்கு அவன் வில்லோடு வேலியோரமிருந்த தன் பரணுக்குப் போகும் படம் இருந்தது. திரும்பும் படம் ஐந்தரைக்கு. அவள் யாரிடமும் காட்டவில்லை.

மான் வந்தது. வேலியை ஒட்டி வரும்வரை பொறுத்தாள். வில்லை இழுத்தாள். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிபார்த்து அம்பை விட்டாள். மான் எகிறி, வேலியைத் தாண்டி ஓடி, வெர்லினின் நிலத்தில் சாய்ந்தது.

அடுத்தவர் நிலத்தில் விழுந்ததைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவள் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வா தங்கச்சி! மூக்கு பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சே. வெறுங்கையோட இறங்கிட்டியா? உங்க குடும்பத்துல யாருக்குமே குறி கிடையாது."

"உன் நிலத்துல என் மான் கெடக்கு. எடுத்துக்கட்டுமா?"

இத்தனை வருடம் 'அண்ணே' என்றே அழைத்தவள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த மான்?"

"கொம்பு வளைஞ்சது."

வெர்லின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நாலு வருஷம், ஆர்டிஸ்."

"தெரியும்."

"நான் விடமாட்டேன்னா?"

"விடாத. கறிய நரிங்க தின்னட்டும். கொம்ப நீயே அறுத்து சுவத்துல மாட்டிக்க. தெனம் அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடு." சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். "காய்ச்சல்காரன் நல்லாத்தான் நடக்கற."

அவன் படத்தை வாங்கவில்லை. பார்த்தான்.

"எங்க அண்ணன் கூப்பிட்டானா?"

"உள்ள வா. குளிருது."

"கூப்பிட்டானா?"

"அந்த மான் அப்பத்தான் வந்துட்டிருந்தது," என்றான். "இன்னும் நாலு எட்டு வச்சா அம்பு விட்டிருப்பேன். வாயத் தொறந்தா ஓடிடும். வெளிச்சம் போறவரைக்கும் அசையாம இருந்தேன். அப்புறம் சத்தமே இல்ல, வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்."

அவள் நகரவில்லை.

"ரெண்டு தடவ கூப்பிட்டான். என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான்."