பாலம் தாண்டட்டும்

…அதுவாகத் திரும்பிக்கொண்டது, என் மேல் எந்தத் தப்பும் இல்லை, இடது பக்கமாகவே படுங்க என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து இந்தப் போன் இப்படித்தான் படுத்துகிறது, நான் படுத்திருக்கிறேன் என்பது அதற்குத் தெரியாது, போனை அகலவாக்கில் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஹோம் ஸ்கிரீனையே திருப்பிப் போடுகிறது, மேலே இருந்தது ஓரத்துக்கு ஓடுகிறது, ஓரத்தில் இருந்தது நடுவில் வந்து நிற்கிறது… வீடியோ காலில் முகம் பெரிசாகத் தெரியணும் என்று ரொட்டேஷனைப் போட்டுவிட்டுச் சவூதிக்கு, தம்மாமுக்கு விமானம் ஏறியது என் வீட்டுக்காரர் ஜாவித் மச்சான்தான். தொட்டால் நேரே கால் போகிற மாதிரி ஹோம் ஸ்கிரீனில் இரண்டே முகம் வைத்திருக்கிறேன், ஒன்று மச்சான், இன்னொன்று ஜெஸிமா அக்கா. மச்சானைத் தொடப்போன நேரத்தில் அந்த இடத்தில் அக்கா வந்துவிட்டாள். உடனே கட் பண்ணிவிட்டேன், ஆனாலும் ஒரு ரிங் போயிருக்கும். பதினாலு மாதமாகப் பேசாதவளுக்கு என் பெயரில் ஒரு மிஸ்டு கால். பேசாதவளின் படம் அங்கே எதற்கு என்று யாராவது கேட்டால்? எடுக்கத் தெரியாது என்று சொல்லலாம். தெரியும்.

காலையில் இட்லி சாப்பிடும்போது பிள்ளை உதைத்தது, மதியம் லுஹர் பாங்கு சொல்லும்போது ஒரு தடவை புரண்டது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை, இப்போது மணி இரண்டே முக்கால். தண்ணீர் குடித்துப் பார்த்தேன், வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், ஸலவாத் ஓதினேன்… தூங்குகிறதாக இருக்கும், ஏழு மாதத்துப் பிள்ளை உள்ளேயும் தூங்குமாம். மச்சானைப் பெற்ற மாமி ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், தென்னூரில் இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். தம்மாமிலிருந்து மச்சான் கை நீட்டி வயிற்றைத் தொட்டா பார்க்க முடியும்? போன தடவையும் இப்படித்தான் பயம், அது மூன்றாம் மாதம், வையம்பட்டிக்குப் பஸ்ஸில் போய்வந்த மறுநாள் எல்லாம் முடிந்துபோனது, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று அக்கா சொன்னது ஒரே வரிதான், நான் அப்பவே சொன்னேன்ல, பஸ்ல போகாதேன்னு. டீச்சர் இல்லையா, தப்பைப் பார்த்தால் சிவப்பு மையில் வட்டம் போடாமல் அவளால் இருக்க முடியாது. பஸ்ஸினால் இல்லைம்மா என்று டாக்டரம்மாவே பிறகு சொன்னார், அதை அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் பேசினதாகிவிடுமே. இந்த ஏழு மாதத்தையும் சொல்லவில்லை. என் பொண்ணுங்களுக்கு வீம்பு ஜாஸ்தி என்பார் அத்தா, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்வார். இந்த நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் ஆறாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள், போனைப் பார்த்திருக்கக்கூட மாட்டாள்… இல்லை, கூப்பிடுகிறாள்.

“என்ன மஹ்ஜபீன்?”

“ஒண்ணுமில்லக்கா, படுத்திருந்தேன், போன் திரும்பிடுச்சு, கை பட்டு…”

“போன் திரும்புச்சா, நீ திரும்புனியா?”

கிண்டல். அக்காவின் கிண்டலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, கோபம் வரும் என்று பார்த்தால் அழுகை வருகிறது. அசைவு தெரியலக்கா, என்றேன். என்ன அசைவு என்று கேட்கவில்லை அவள், அப்படியென்றால் தெரிந்திருக்கிறது, யார் சொன்னது, மாமியா… “எப்பலேர்ந்து? கதவைத் தெறந்து வச்சுட்டுப் படு. ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வை, பெர்மிஷன் சொல்லிட்டு ஆட்டோல வரேன்.” வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துவைத்து, ஃபைலை எடுத்துத் தலைமாட்டில் வைத்து, திரும்ப இடது பக்கமாகப் படுத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், விலாவுக்குக் கீழே ஒரு உதை. அல்ஹம்துலில்லாஹ். இன்னொன்று, இது முந்தினதைவிடப் பலம்… உயிர் வந்தது எனக்கு. உடனே அக்காவிடம் சொல்லணும், பாவம், வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வருகிறாள், ஒரு வார்த்தை போதும். அவள் முகத்துக்கு மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்திருக்கிறேன். சொன்னால் சரி, பாத்துக்கோ என்று ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிடுவாளோ? அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அக்கா பயந்துகொண்டே வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்று நினைக்கிறேனே, நான் இவ்வளவு கெட்டவளா… பிள்ளை மறுபடியும் உதைக்கிறது. இந்நேரம் காவேரிப் பாலத்தில் ஏறியிருப்பாள், தாண்டட்டும், தாண்டினதும் சொல்லிவிடலாம்.