கைச்சங்கிலி

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவில் சாதியை முதன்முதலில் ஒழித்தவன் என் சிநேகிதன் ஐயாதுரை. மதுரைக் காலேஜ் ஹாஸ்டலில், ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒழித்தான். அடுத்த இலையில் இருந்த நான் சாட்சி. "இனிமே அது கெடையாதுல. ஊருக்குத்தான் இன்னும் தாக்கல் போகலை" என்றான். அந்தச் சேதியைச் சொல்லத்தான் கிறிஸ்துமஸ் லீவுக்குப் புதுக் கம்பளிக் கோட்டோடு ஊருக்கு வந்தான்.

வந்த சனிக்கிழமையே அருளப்பன் சாரின் மியூசியத்தில் பிரசங்கம் இருந்தது. மியூசியம் என்பது மிஷன் பள்ளிக்கூடத்தின் கடைசி அறை. பாட்டிலுக்குள் ஒரு இரட்டைத்தலைப் பாம்பு, மலையில் பொறுக்கிய கற்கள், ஒரு மிளாமான் கொம்பு, சார் தானே செய்த மின்சார யந்திரம். சார் செட்டியார்பட்டிச் சேரியில் பிறந்து, மிஷனில் படித்து வாத்தியாரானவர். ஐயாதுரைக்கும் எனக்கும் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். போன வாரம் சந்திரனைப் பற்றிப் பேசினார். பஞ்சுத் தரகர் மொக்கைச்சாமி எழுந்து, அங்கே பருத்தி போடக் கரிசல் மண் உண்டா என்று கேட்டார். ஆக, பிரசங்கம் வீண் என்று பள்ளிக்கூட மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். இந்த வாரமும் உருப்படியாக ஒன்றும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை அந்த அறையில் போர்டிங் அரிசி மூட்டைகளை அடுக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

உருப்படியாக நடக்கவேண்டியது இதுதான்: எல்லாரும் வரிசையாகக் கைகோத்து நிற்கவேண்டும். ஒரு முனையில் இருப்பவர் ஈயத்தாள் சுற்றிய கண்ணாடி ஜாடியைப் பிடித்துக்கொள்வார். யந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி ஜாடிக்குள் மின்சாரத்தை ஏற்றியதும், மறுமுனையில் இருப்பவர் அதன் பித்தளைக் குமிழைத் தொடவேண்டும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் துள்ளுவார்கள். காலையில் சார் தனியாகத் தொட்டுப் பார்த்து, முழங்கைவரை மரத்துப்போய்ச் சந்தோஷமாக இருந்தார்.

வரிசையில் மொக்கைச்சாமிக்குப் பக்கத்தில் சாரின் மனைவி செல்லத்தாய் நின்றார். மொக்கைச்சாமி தோள்துண்டின் ஒரு நுனியை அந்த அம்மாளிடம் நீட்டிவிட்டு, மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டார். சார் சக்கரத்தைச் சுற்றினார். மறுமுனையில் நின்றவர் குமிழைத் தொட்டார். ஒருவரும் துள்ளவில்லை.

"மாமா, கரண்டு என்ன ஒங்க வீட்டு மருமகனா, துண்டு விரிச்சாத்தான் வாரதுக்கு?" என்றான் ஐயாதுரை. அறையே சிரித்தது.

"தொட்டா வீட்ல போயி முங்கணும்லே. இந்த மழைக்குளிர்ல நீயா வெந்நி போடுவே?" மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அந்த இடத்துக்கு ஐயாதுரை நகர்ந்தான். "ஆச்சாரமெல்லாம் பெஞ்சுக்குப் போயாச்சு. சுத்துங்க சார்." அவன் என் கையை இறுகப் பிடித்திருந்தான். தன் மாணவனைப் பார்த்த சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது தடவையும் ஒன்றும் நடக்கவில்லை.

மேனேஜர் எழுந்து குடையை எடுத்தார். மூட்டை அடுக்க எவ்வளவு இடம் தேறும் என்பதுபோலச் சுவர்களைப் பார்த்தார். ஈரக்காற்றில் ஜாடி நமுத்திருக்கும், ஒரே ஒரு தடவை பொறுக்கவேண்டும் என்று சார் கெஞ்சினார். தணல் போட்ட கரிச்சட்டியின் மேல் ஜாடியைத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார்.

"எல்லாரும் கையப் பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கோம் சார்" என்று முதலில் சொன்னவன் ஐயாதுரை.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. தற்செயலாகத்தான் அவனுடைய மறு கைப் பக்கம் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"சொல்லிராதிய தம்பி" என்றார், உதடு அசையாமல், சார் பக்கம் கண்ணைக் காட்டி. "அவிய தாங்கமாட்டாவ."

சார் நெற்றி வியர்வையைத் துடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார். ஐயாதுரை மேனேஜரைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். அந்தப் பக்கத்துக் கை விரல்களைக் கோட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். தொங்கிய வெறும் கோட்டுக் கையின் நுனியை, கம்பளி கசங்கிவிடாமல், அந்த அம்மாள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.