விரதமும் வெள்ளை மாத்திரையும்

திண்டுக்கல்லில் பியூட்டி பார்லர் வைத்திருந்த ஆனந்தியின் வாய் சாமர்த்தியம் கொஞ்சநஞ்சமில்லை. புருவம் திருத்த வந்தவளிடமும், "நாலு கிலோ குறைச்சா நீங்க எங்கயோ போயிருவீங்கக்கா" என்று சொல்லி ஒரு டப்பாவைத் தலையில் கட்டிவிடுவாள். டப்பாவில் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் குடலைச் சுத்தம் பண்ண ஒரு பொடி, பிறகு வேளைக்கு ஒரு வெள்ளை மாத்திரை. யாரோ வெளியூர் ஆள் கொண்டுவந்து போடுவான். உள்ளே என்ன சரக்கு என்று இவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத் தைப்பூசத்துக்கு அவள் அண்ணன் ஆனந்த்ராஜும் மதினி இளவேனிலும் பழனிக்கு மாலை போட்டார்கள். ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு மதினிக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அதுக்கு ஆளாளுக்கு ஒரு கேலி.

"விரதத்துல ஒரு வேளைச் சாப்பாடுதான மதினி? கூடவே இதையும் சேத்துக்கங்க. டபுள் பலன். ஏன் சாப்பிடலன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

ஒருத்தரும் கேட்கவில்லைதான். மூணே வாரத்தில் மதினி சரசரவென்று இளைத்தாள். பார்த்தவர்கள் முருகன் அருள் என்றார்கள். நெஞ்சு படபடக்குது என்று ஒரு நாள் அவள் சொன்னபோது, "கொழுப்பு கரையுது மதினி, அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஆனந்தி, என்னவோ பெரிய டாக்டர் கணக்காக. கூறுகெட்டவள்!

நடைபயணம் கிளம்பிய ரெண்டாம் நாள், ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், உச்சி வெயிலில் இளவேனில் நின்றுவிட்டாள். கை நடுங்கியது, உடம்பு ஆடியது, கண் மேலே செருகியது. ஆனந்த்ராஜ் காவடிக்காரர்களோடு முன்னால் போயிருந்தான். கூட வந்த ஒச்சம்மாள் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அரோகரா! சாமி வந்துருச்சு!"

கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருத்தி மஞ்சத் தண்ணியை மதினியின் தலையில் ஊற்றினாள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். "வந்திருக்கிறது யாரு? அப்பனே, எம் மகனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?" என்று ஒச்சம்மாள் கைகூப்பிக் கேட்டாள்.

"தண்ணி..." என்று முனகினாள் இளவேனில்.

"கேட்டீகளா? தண்ணி இருக்குங்குது சாமி!" என்று கும்பிட்டார் போர் போட இடம் பார்த்துக்கொண்டிருந்த கன்னிவாடி விவசாயி ஒருவர். கிழக்கு மூலையா மேற்கு மூலையா என்று வேறு கேட்டார்.

மதினிகூடவே நடந்து வந்த ஆனந்தி கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். இது சாமி இல்லை என்று அவளுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. சொன்னால் அண்ணன் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவான். பார்லரைத் தேடி ஒரு பொம்பளையும் வரமாட்டாள். செத்த நேரத்தில் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டு நிற்க, மூணாவதாக ஒருத்தி மகள் கல்யாணத்துக்குக் குறி கேட்க வந்து நின்றாள். மதினியின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. முட்டி மடங்கி அவள் தார் ரோட்டில் விழுந்தாள்.

"சாமி இல்ல! மாத்திரை! நாந்தான் குடுத்தேன், தூக்குங்க!" என்று அலறினாள் ஆனந்தி.

அன்னதானப் பந்தலுக்குச் சாமான் கொண்டுவந்த வேன்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. ஆனந்தி பையில் கிடந்த டப்பாவை நீட்ட, டாக்டர் ஒரு மாத்திரையை உடைத்துப் பார்த்தார். "பேதியாகிப் பேதியாகி உடம்புல இருந்த உப்புச் சத்தெல்லாம் போயிருச்சு. அதுமேல இந்த மாத்திரை. இதயம் தாறுமாறா அடிக்குது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா."

மறுநாள் காலைதான் இளவேனில் கண் முழித்தாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆனந்த்ராஜுக்கு அழுகையே வந்தது. தங்கச்சியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒச்சம்மா எல்லாம் சொன்னுச்சு. ஒண்ணு மட்டும் சொல்லு. எத்தனை பேர் குறி கேக்குற வரைக்கும் சும்மா நின்ன?"

மூணு பேர். அவளுக்கு நன்றாகத் தெரியும்.