பசும்பால் கூடாது

பூங்குழலி அடுப்பைப் பற்றவைத்ததும் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை அணைத்தது.

“எடுக்கற வரைக்கும் அடுப்பு பத்த வெக்கக் கூடாது கண்ணு,” என்றாள் சுலோசனா அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கொள்ளேகாலத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

“வெந்நீர் மட்டுந்தான் அத்தை. குட்டிக்குப் பால்பவுடர் கலக்கணும். மூணு மணிக்கொருக்கா குடுக்கணும், நேரம் தாண்டிடுச்சு.”

“பக்கத்து வீட்டுல வாங்கிக்க சாமி.”

கூடத்தில் அப்பா பாலனைக் கிடத்தியிருந்தார்கள். முப்பது வருஷம் மைசூர்க் கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். நேற்று மாலை வேலை முடிந்து வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சமையலறை மூலையில் அட்டைப்பெட்டிக்குள் பூனைக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. அதன் தாய் மண்டி மொஹல்லா சந்தில் ஆட்டோவில் அடிபட்டுச் செத்தபோது மூன்று குட்டிகள் இருந்தன. அப்பா பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்துக் கொடுத்தார். இரண்டு குட்டிகளுக்கு வயிற்றால் போயிற்று. இரண்டே நாளில் இரண்டும் போய்விட்டன. பசும்பால் இதுகளுக்குச் செரிக்காது என்று மிருக டாக்டர் சொன்ன அன்று அப்பா சாப்பிடவில்லை.

“நல்லதுன்னு நெனச்சு நானே கொன்னுட்டேன் குழலி.”

மறுநாள் கடைகடையாக ஏறி இறங்கினார். பெரிய பூனைகளுக்கான தீனியை எடுத்துக் காட்டியவர்களிடமெல்லாம் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, குட்டிகளுக்கென்றே உள்ள பால்பவுடர் டப்பாவோடு வந்தார். பல் முளைத்ததும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியை மசித்துத் தரவேண்டும், அதற்குக் கறி வேண்டுமென்று கறிக்கடையில் அப்போதே சொல்லிவைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பசம்மா பாத்திரத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். “பிஸி நீரு, வெந்நீர் தானே? இரும்மா, காய்ச்சித் தர்றேன்.” தண்ணீர் சுடும்வரை பூங்குழலியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

திரும்பி வரும்போது கத்தல் இல்லை. அத்தை தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் வைத்திருந்தாள். கையில் சங்கு.

“தொண்ட கிழியக் கத்துச்சு கண்ணு. கேக்க முடியல. அண்ணன் வாயில ஊத்தறதுக்கு வாங்கியாந்த பசும்பால்ல ரெண்டு சங்கு குடுத்தேன். பாரு, கம்முனு ஆயிருச்சு.”

பூங்குழலி வாயைத் திறந்தாள். அத்தை சுண்டுவிரலால் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். “எங்கண்ணன் வளத்த உசுரு,” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

வெந்நீர்ப் பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டுப் பூங்குழலி கூடத்துக்குப் போனாள். சற்று நேரத்தில் அப்பாவை எடுத்தார்கள்.

மாலையில் குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அத்தை பார்க்குமுன் பூங்குழலி துணியை மாற்றினாள். மறுநாள் காலை ஆண்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போன நேரத்தில், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

“ரொம்பச் சின்னதும்மா. உடம்புல தண்ணியே இல்ல,” என்றார் டாக்டர். ஊசி போட்டார். சொட்டுச் சொட்டாக வாயில் விட ஒரு திரவமும் கொடுத்தார்.

விட்டுக்கொண்டேயிருந்தாள். மதியத்துக்கு மேல் அது விழுங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் உள்ளங்கையில் அதன் வயிறு ஏறி இறங்குவது நின்றது. வாய் ஓரத்தைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு அத்தை கூடத்துக்கு வந்தாள்.

“தூங்குதா கண்ணு?”

துண்டின் ஓரத்தைப் பூங்குழலி இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

“தூங்குது அத்தை.”

“தூங்கட்டும், தூங்கட்டும். பச்ச உடம்பு, காத்து ஆவாது.”

அத்தை அடிமேல் அடிவைத்துச் சுவரோரம் போய், சத்தம் வராமல் மின்விசிறியை அணைத்தாள். புழுக்கத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.