ஐஸில் வைத்த கிழங்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் தொட்டியில் புதினா வைத்தேன், அதுகூடச் செத்துப்போனது. அந்த எரிச்சலில், செடி வளர்க்கத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "ரங்கூனில் வசந்தம் வந்தபோது—"

(அடித்துவிட்டேன். ரங்கூனில் மழை வரும், வெயில் வரும்; வசந்தம் வந்ததாக யாரும் சொன்னதில்லை. கதையின் சிக்கலே அதுதான்.)

2

1926. தஸ்தகீர் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டக்காரர். துரைசானி சீமையிலிருந்து பன்னிரண்டு ஹயசிந்த் கிழங்குகள் வரவழைத்தாள். குளிர்காலம் முழுக்க மண்ணில் கிடந்து, வசந்தத்தில் நீலமாகப் பூக்குமாம். முந்தின வருஷம் பூக்காததால் பழைய தோட்டக்காரரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தாள். வேலை போனால், பங்களாவின் பின்கட்டில் தஸ்தகீர் குடியிருக்கும் வீடும் போகும்.

அவர் மனைவி மதீனா பீவி கிழங்கை முகர்ந்து பார்த்தார்.

"வெங்காயமாட்டம் இருக்கு. குளிர்தானே வேணும்? ஐஸ் கிடங்குல வேலை பாக்குற அமீர் அலி அண்ணன்கிட்ட குடுங்களேன்."

3

அமீர் அலியை வில்லனாக்கப் பார்த்தேன். அவர் கிழங்குகளைத் திருடி— வேண்டாம். பத்து வாரம் ஐஸ் நடுவே மரத்தூளில்* பொதிந்து காப்பாற்றிய மனிதர்.

*உமியாகவும் இருக்கலாம். தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன்.

தொட்டிகளில் நட்டதும் பதினொன்று அழுகின. பிப்ரவரியில் ஒரு காலை, மிஞ்சிய ஒன்று பூத்தது. நீலத்துக்கு மயில் கழுத்து என்று எழுதினேன், கடல் என்று எழுதினேன், எல்லாம் இரவல். தஸ்தகீர் களைக்கொத்தைக் கீழே வைக்கவும் மறந்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

துரைசானி மேமியோ மலைக்குக் குளிர்காயப் போகவில்லை, குளிர் தேடிப் போயிருந்தாள். திரும்ப ஆறு நாளாகும்.

"வெட்டி ஐஸுல வைங்க. அவங்க வர்ற வரைக்கும் நிக்கும்" என்றார் மதீனா.

"பத்து வாரம் ஐஸுல கெடந்துச்சு. இப்பத்தான் வெயிலப் பாக்குது."

"வீடு போனா நாமளும் வெயிலத்தான் பாக்கணும்."

 ஆனால் மதியம் ஈரத்துணியை விரித்துக் கட்டிப் பூவுக்கு நிழல் செய்தவரும் மதீனாதான். நாலாம் நாள் பூ வாடியது.

4

முடிவு ஒன்று: துரைசானி வாடிய தண்டைப் பார்த்துக் கண்கலங்குகிறாள். (எழுதி முடித்து நானே வெட்கப்பட்டேன்.)

முடிவு இரண்டு: மாட்டுவண்டியில் பானை சட்டிகள் ஏற—

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். துரைசானி வந்தாள். தஸ்தகீர் தொட்டியை ஏந்தி நின்றார். தண்டில் பழுப்பாகச் சில பூக்கள் காய்ந்திருந்தன.

"என்ன நிறம் பூத்தது?" என்றாள்.

அவர் தொட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பின்னாலிருந்து மதீனா சொன்னார்: "நீலம்ங்க அம்மா. நானும் பாத்தேன்."

நம்புவதா, வேண்டாமா? துரைசானி இருந்த இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் நழுவுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். தஸ்தகீர் கையில் தொட்டி கனக்கிறது.