இரண்டு குழவிகள்

ஊரின் வரலாற்றை ஒரே அறைக்குள் அடக்கிய அருங்காட்சியகம் அது. வாசலருகே முதல் அலமாரி கற்காலம், நடுவில் வாளும் நாணயமும் தையல் மிஷினும், கடைசி அலமாரி இன்று. கடைசியில் வைக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்காததால் காப்பாளர் தன் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தூசி போகட்டும் என்று கற்காலக் குழவியையும் அதோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுக் கழுவித் தொலைத்தார். இப்போது எது எந்தக் காலம் என்று தெரியவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். தலை சுற்றியதுதான் மிச்சம். நாளை திறப்பு விழா.

வேறு வழியில்லாமல் மனைவியை வரவழைத்தார். "நம்ம கல்லு எதுன்னு சொல்லேன். பைத்தியமே பிடிச்சிடும் போல."

அவள் இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தாள். கைக்கு இரண்டுமே வாகாகத்தான் இருந்தன. பிறகு அலமாரிகளில் அவர் எழுதி ஒட்டியிருந்த அட்டைகளைப் படித்துவிட்டு வந்தாள்.

"எதை எங்க வச்சா என்னங்க? ரெண்டுலயும் ஒண்ணத்தானே எழுதியிருக்கீங்க."

ஒன்றும் புரியாமல் போய்ப் பார்த்தார். முதல் அட்டையைப் பார்த்து அப்படியேதான் கடைசி அட்டையையும் எழுதியிருந்தார்.

"அரைக்கும் கல். பயன்படுத்தியவர்: தெரியவில்லை."